ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ்: ஓர் எல்லையோர நூலகரின் மதிப்பீடு

ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை எண்ணித் தரும் இணையத் தளங்களில் எதை நம்பலாம், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை வெறும் தேடுபொறியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி, பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுகிறது. பதவி உயர்வுக் கோப்பு தயாரிக்கும் ஆசிரியர், ஆய்வு நெறியாளர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பவர், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றதும் பரபரக்கும் துறைத்தலைவர் என எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது நூலகத்தில்தான். அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே எண்கள்: மொத்த சைட்டேஷன் (மேற்கோள்கள்), அவை கட்டுரைகளிடையே எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் ஹெச்-இண்டெக்ஸ், கட்டுரை வெளிவந்த இதழின் சராசரி மேற்கோள் அளவான இம்பாக்ட் ஃபேக்டர். எல்லையின் இந்தப் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் கோழிக்கோடு பல்கலைக்கழகம். படிவங்களின் வடிவம் வேறுபட்டாலும் கேட்கப்படும் எண்கள் ஒன்றுதான்.

இந்த எண்களை எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில், கூகுள் ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மூன்றையும், அண்மையில் வந்து சேர்ந்த ஓபன்அலெக்ஸையும் இங்கே மதிப்பிடுகிறேன். தேடுவதற்கு ஸ்காலரை விஞ்ச எதுவும் இல்லை. அலுவலகத்தில் கொடுக்கும் தாளுக்கு ஸ்கோப்பஸ் போதும். வெப் ஆஃப் சயின்ஸ் எங்களைப் போன்ற சிறிய கல்லூரிக்கு அவசியமில்லை. ஆனால் ஓர் ஆய்வினால் என்ன விளைந்தது என்பதை இவற்றில் எதுவும் தானாகச் சொல்வதில்லை என்பதையும், சொல்வதாக நினைத்துக்கொண்டு நாம் செய்யும் காரியங்கள் எத்தகையவை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மதிப்பீடு முழுமை பெறும்.

மேற்கோளை எண்ணும் வழக்கம் கணினிக்கு முந்தியது. 1927இல் கிராஸ் என்ற பெயருடைய இருவர், கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்று முடிவு செய்வதற்காக, அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் ஓராண்டு வெளிவந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளை எண்ணிப் பட்டியலிட்டார்கள். நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்கும் துறைக்கு ‘லைப்ரமெட்ரி’ என்ற பெயரை 1948இல் முன்மொழிந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். ஒரு கட்டுரையிலிருந்து பின்னோக்கிப் போகாமல், அதை யார் யார் பிற்பாடு எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கிப் போகும் அடைவைப் பற்றி யூஜின் கார்ஃபீல்டு எழுதியது 1955இல். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பு பின்னாளில் எந்தெந்த வழக்குகளில் ஏற்கப்பட்டது, எங்கே மறுக்கப்பட்டது என்று பார்ப்பதற்கு 1873 முதல் பயன்படுத்தி வந்த ஷெப்பர்டு அடைவுதான் அவருக்கு முன்மாதிரி. 1964இல் அவருடைய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. வழக்கறிஞர்களின் அடைவில் ஏற்றதும் மறுத்ததும் தனித்தனியே குறிக்கப்பட்டன. அறிவியலுக்கு வந்தபோது அந்தக் குறி மறைந்து வெறும் எண்ணிக்கை மட்டும் நின்றது. என்னைக் கேட்டால், இன்றைய குழப்பத்தில் பாதி அங்கே தொடங்கியது என்பேன்.

கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வெளிவந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான அனுராக் ஆச்சார்யா காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது, கைபேசியில் திறந்தாலும் வேலை செய்யும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அதை எடுத்தாண்டவர்களின் எண்ணிக்கை தெரியும். அதைத் தொட்டால் அந்தக் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். தென்னையைத் தாக்கும் ருகோஸ் சுருள் வெள்ளை ஈயை எடுத்துக்கொள்வோம். மத்திய அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சி, பாலக்காட்டுத் தென்னந்தோப்புகளில்தான் கண்டறியப்பட்டது. அதன் அறிவியல் பெயரை ஸ்காலரில் இட்டு, இந்தியாவில் அது நுழைந்ததை முதலில் பதிவு செய்த கட்டுரைகளைப் பிடித்து, அவற்றை எடுத்தாண்டவற்றைத் தொடர்ந்து திறந்துகொண்டே போனால், ஈ எந்தெந்த மாநிலங்களுக்குப் பரவியது, வேறு என்னென்ன பயிர்களில் அமர்ந்தது, எந்த ஒட்டுண்ணி அதைக் கட்டுப்படுத்தியது என்ற முழுக் கதையும் ஓர் உட்காரலில் கிடைத்துவிடும். ஒரு துறைக்குள் புதிதாக நுழையும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. மேற்கோள் பகுப்பாய்வு உண்மையில் பயன்படுகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். மதிப்பெண் போடுவதற்கு அது பிற்பாடு இழுத்து வரப்பட்டது.

ஸ்காலரின் பரப்பு பெரியது. 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டின்படி, வெப் ஆஃப் சயின்ஸில் உள்ள மேற்கோள்களில் 95 விழுக்காடும், ஸ்கோப்பஸில் உள்ளவற்றில் 92 விழுக்காடும் ஸ்காலரில் கிடைத்தன. அவை இரண்டிலும் இல்லாதவை அதற்கு மேலும் ஏராளமாக இருந்தன. ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், நூல்கள், இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றப்படும் முன்பதிப்புகள், ஆங்கிலமல்லாத மொழிகளில் வந்தவை எல்லாம் இதில் சேரும். தமிழ்த்துறைக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். சங்க இலக்கியத்தைப் பற்றித் தமிழிலேயே எழுதும் ஒருவரை மற்ற இரண்டு தளங்களிலும் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அவர் இருபது ஆண்டுகள் உழைத்திருக்கலாம். அவர் எழுதும் மொழியும் இதழ்களும் அந்தத் தளங்களின் தேர்வுக்குள் வராததால், அங்கே அவருடைய மதிப்பு பூஜ்யம்.

பரப்பு பெரிதாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. எதைச் சேர்ப்பது என்று ஆள் வைத்துத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் இயந்திரமே அள்ளிக்கொள்வதால், குப்பையும் உள்ளே வந்துவிடும். 2010இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் சிரில் லாபே என்ற கணினி அறிஞர், ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஒருவரைப் படைத்து, அவர் பெயரில் கணினியே எழுதிய பொருளற்ற கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் ஏற்றினார். அந்த இல்லாத மனிதரின் ஹெச்-இண்டெக்ஸ் ஸ்காலர் கணக்கில் 94 ஆனது. ஸ்காலரில் ஒருவர் தம் பக்கத்தைத் தாமே நிர்வகிப்பதால், தம்முடையதல்லாத கட்டுரை பட்டியலில் நுழைந்திருந்தாலும் தாமேதான் நீக்க வேண்டும். ஒரே பெயருடைய பத்துப் பேர் இருக்கிற நம் ஊரில் இது சாதாரணம். இரண்டு பதிவுகளை இணைத்திருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தோன்றும். கோப்பைச் சரிபார்க்கும் குழுவினர் அதைக் கவனிப்பது நல்லது. ஒரு நேர்மையான ஆசிரியரின் ஸ்காலர் பக்கம் நம்பத்தக்கது. அந்த நேர்மை அவருடையதே ஒழியத் தளத்தினுடையது அன்று.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்மொழிந்த அளவு. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 25, 11, 6, 4, 1 என்று மேற்கோள்கள் இருந்தால், நான்கு கட்டுரைகளுக்குக் குறைந்தது நான்கு மேற்கோள்கள் உள்ளன என்பதால் அவருடைய ஹெச் 4. இன்னொருவர் மூன்றே கட்டுரைகள் எழுதி, அவற்றுக்கு 300, 2, 1 என்று கிடைத்திருந்தால் அவருடைய ஹெச் 2. முந்நூறு பேர் பயன்படுத்திய ஒரு கட்டுரையை எழுதியவர், வரிசையில் முதலாமவருக்குப் பின்னால் நிற்பார். இந்த உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகும், ‘அப்படின்னா ஹெச் எத்தனை இருந்தா நல்லது சார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கணிதத்தில் ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் மேற்கோள்கள் மூலக்கூறு உயிரியலில் கிடைப்பதைவிட மிகக் குறைவு; இருவரையும் ஒரே எண்ணால் ஒப்பிட முடியாது. வயதும் அப்படித்தான்: ஹெச் ஏறும், இறங்காது, எழுதுவதை நிறுத்தியவருக்கும் ஏறும்.

எல்சிவியர் நிறுவனத்தின் ஸ்கோப்பஸும் 2004 நவம்பரில்தான் வந்தது. இதில் இதழ்களை ஒரு குழு தேர்ந்தெடுக்கிறது; தரம் கெட்டால் நீக்கவும் செய்கிறது. சந்தா பெரும் தொகை. பல்கலைக்கழகங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும்தான் கட்டுப்படியாகும். ஆனால் சந்தா இல்லாதவர்களுக்கும் ஸ்கோப்பஸ் பிரிவ்யூ என்ற வாசல் திறந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆசிரியரின் பெயரைத் தேடி அவருடைய கட்டுரை எண்ணிக்கையையும் ஹெச்-இண்டெக்ஸையும் பார்க்கலாம். இதழின் சராசரி மேற்கோளைச் சொல்லும் ஸ்கோப்பஸின் சைட்ஸ்கோரையும், அது தன் துறையில் எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். இதழ்ப் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் நீக்கப்பட்ட இதழ்களுக்குத் தனித் தாள் ஒன்று உண்டு. கட்டுரை அனுப்புவதற்கு முன் அந்தத் தாளைத் திறந்து இதழின் பெயரைத் தேடச் சொல்லி நான் வற்புறுத்துவது வழக்கம். ஒரு காலத்தில் ஸ்கோப்பஸில் இருந்ததை இன்றும் இருப்பதாக முகப்பில் போட்டுக்கொண்டிருக்கும் இதழ்களுக்குக் குறைவில்லை.

ஸ்கோப்பஸானாலும் வேறெந்தத் தளமானாலும் நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் பெயர். இந்தத் தளங்கள் எல்லாம் ஒருவருக்குக் குடும்பப்பெயர் ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. தமிழருக்குத் தலைப்பெழுத்துதான் உண்டு. கண்ணன் என்று ஒருவர், அவருடைய தந்தை ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். கோவையில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஆர். கண்ணன் என்று எழுதினார். பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கே தலைப்பெழுத்தைப் பின்னால் போடுவதுதான் வழக்கம் என்பதால், கண்ணன் ஆர் ஆனார். வீட்டுப்பெயரின் எழுத்தும் சேர்ந்துகொண்டால் கண்ணன் கே. ஆர். பாஸ்போர்ட் எடுத்தபோது தலைப்பெழுத்தை விரித்து எழுதியதில் கண்ணன் ராமசாமி என்றானது. வெளிநாட்டு இதழின் படிவம் அதைப் பார்த்துவிட்டு ராமசாமி, கே. என்று அச்சிட்டது. மகன் பூச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போதெல்லாம் தந்தையின் பெயரைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ராமசாமி ஐயா ஊரில் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, உலக விஞ்ஞானிகள் நடுவில் அவருக்கு ஒரு ஹெச்-இண்டெக்ஸ் வளர்ந்துகொண்டிருக்கும்.

பெயரையும் நிறுவனத்தையும் வைத்து இயந்திரம் ஆட்களைப் பிரிப்பதால், இந்த ஒரே கண்ணன் மூன்று அடையாள எண்களாகச் சிதறக்கூடும். மூன்று கண்ணன்கள் ஒன்றாகக் குவியவும் கூடும். ஸ்கோப்பஸில் இதைத் திருத்தக் கேட்பதற்கு இலவச வழி இருக்கிறது. தம் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து இணைக்கும்படி வேண்டிக்கொள்ளலாம். அதைவிட நிலையான வழி, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும், 2012 முதல் இயங்கி வரும் ஆர்கிட் (ORCID) எண். பதினாறு இலக்கம், கட்டணம் இல்லை, வேலை மாறினாலும் எல்லை தாண்டினாலும் தொடர்ந்து வரும். முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே அதைப் பெற்றுக்கொண்டு, ஒரே பெயர் வடிவத்தைக் கடைசி வரை பிடித்துக்கொள்வது, பிற்பாடு எந்த நூலகராலும் செய்து தர முடியாத உதவி.

ஸ்கோப்பஸின் தரவை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய சகாக்களும் வெளியிடும் ‘உலகின் முதல் 2 விழுக்காட்டு விஞ்ஞானிகள்’ பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செப்டம்பர் வாக்கில் அது வந்ததும் கல்லூரி வாயில்களில் ஃப்ளெக்ஸ் பேனர் முளைத்துவிடுகிறது. அந்தப் பட்டியல் ஒரு பெரிய எக்செல் கோப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் நேராக, அவருடைய மேற்கோள்களில் எத்தனை விழுக்காடு தம்மைத் தாமே மேற்கோள் காட்டியது என்றும் ஒரு பத்தி இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஓர் ஆண்டுக்கு ஒன்று என இரண்டு தனிப் பட்டியல்கள் என்பதையும் பேனர் சொல்வதில்லை. கோப்பை இறக்கிப் பார்ப்பவர்களுக்கு அது பயனுள்ள ஆவணம்தான். பேனரோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குத்தான் பிரச்சினை.

வெப் ஆஃப் சயின்ஸ் என்பது கார்ஃபீல்டு தொடங்கிய அடைவின் வாரிசு. இப்போது கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. மூன்றில் மூத்தது, கட்டுப்பாடு மிகுந்தது, பழைய ஆண்டுகளுக்குள் ஆழமாகத் தோண்டிப் பார்க்க மிகவும் ஏற்றது. இம்பாக்ட் ஃபேக்டர் என்ற சொல்லுக்கு உரிமை உள்ளது இதற்கு மட்டுமே. ஓர் இதழ் 2023லும் 2024லும் சேர்த்து 100 கட்டுரைகள் வெளியிட்டு, 2025இல் அவற்றுக்கு 150 மேற்கோள்கள் கிடைத்தால், அதன் 2025ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர் 1.5. இது இதழின் சராசரி. கட்டுரைக்கும் எழுதியவருக்கும் இதில் பங்கில்லை. 2008இல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவின் ஏ பிரிவு இதழில், படிக அமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் ஒரு கட்டுரை எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் எல்லோரும் அதை மேற்கோள் காட்டியதால், 2.051 ஆக இருந்த இதழின் எண் அடுத்த ஆண்டு 49.926க்குத் தாவியது. அதே இதழில் அந்தக் காலத்தில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே இரவில் இருபத்துநான்கு மடங்கு சிறந்தவையாகிவிட்டனவா?

ஆனாலும் நம் விதிமுறைகள் இதழின் எண்ணை ஆளுக்கு ஏற்றுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஆய்வு மதிப்பெண் கணக்கிடும் அட்டவணையைப் பார்த்தால், இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழுக்கு 5 புள்ளிகள் கூடுதல், ஒன்றுக்குக் கீழே 10, ஒன்று முதல் இரண்டு வரை 15, இரண்டு முதல் ஐந்து வரை 20, ஐந்து முதல் பத்து வரை 25, பத்துக்கு மேல் 30 என்று படிக்கட்டு கட்டியிருப்பது தெரியும். கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒருவரும் திறந்து பார்க்காமலே கோப்பை முடித்துவிடலாம். இப்படிப்பட்ட பயன்பாட்டை எதிர்த்துத்தான் 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்கள் ஒரு பிரகடனம் எழுதி 2013இல் வெளியிட்டார்கள். 2015இல் லெய்டன் அறிக்கையும் வந்தது. இரண்டும் இதழின் எண்ணைத் தனிமனிதருக்குப் பொருத்தாதீர்கள் என்றே சொல்கின்றன. எங்கள் பகுதிக் கோப்புகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

வெப் ஆஃப் சயின்ஸைச் சிறிய கல்லூரி வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் தரக்குறைவன்று. நமக்குத் தேவைப்படும் பகுதி இலவசமாகவே கிடைக்கிறது என்பதுதான். ஓர் இதழ் அதன் அடைவில் இருக்கிறதா என்பதைக் கிளாரிவேட்டின் இதழ்ப் பட்டியல் பக்கத்தில் யாரும் சரிபார்க்கலாம். மற்றவற்றுக்குப் பல்கலைக்கழக நூலகம் வரை ஒரு நடை போய் வந்தால் போதும்.

ஓபன்அலெக்ஸ் 2022 ஜனவரியில் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தேடலை மூடியபோது, அவர்ரிசர்ச் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு அந்தத் தரவை எடுத்துத் தொடர்ந்து வளர்த்து, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பாரீசின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் திரும்பியது. எங்களைப் போன்றோர்க்கு எதிர்காலம் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் பெயர்ப் பிரிப்பில் இன்னும் கரடுமுரடு. ஸ்காலர் தரவைக் கணினியில் இறக்கி வரிசைப்படுத்த, ஆன்-வில் ஹார்சிங் 2006 முதல் இலவசமாகத் தரும் ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’ மென்பொருளும் கைக்கொடுக்கும்.

இனி எண்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையைப் பற்றி ஆலிவர் லவ்ரி 1951இல் எழுதியது. மூன்று இலட்சத்துக்கு மேல். அது ஒரு செய்முறை. மனித அறிவை மாற்றிப்போட்ட பல கண்டுபிடிப்புகள் அதன் அருகில்கூட வருவதில்லை. இன்னொரு கோடியில், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை இருக்கிறது. லான்செட் 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குக் கிடைத்த மேற்கோள்களில் பெரும்பாலானவை அதை மறுப்பவை. எண்ணும் இயந்திரத்துக்கு மறுப்பும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அது நமக்கு நெருக்கமானது. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று பார்ப்பதற்கு ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். மென்பொருள் தானாகவே அதை வரைந்து தருகிறது. அப்படி வரைந்தவர்களில் மிகப் பலர் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதே இல்லை. பெயரைச் சொன்னாலே போதும் என்ற அளவுக்கு அது பாடநூலில் கரைந்துவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிட்டால் மேற்கோள் குறையும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆக, தாக்கம் உச்சத்துக்குப் போகும்போது அதை அளக்கும் கருவி கண்ணை மூடிக்கொள்கிறது.

வெள்ளை ஈக்குத் திரும்புகிறேன். ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் தம் மகளின் ஆய்வேட்டு வேலைக்காக நூலகத்துக்கு உடன் வந்திருந்தார். திரையில் கட்டுரைகளும் எண்களும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ‘ஏனுங்க சார், இதுல எந்தப் பேப்பருங்க மருந்தடிக்காதீங்க, ஒட்டுண்ணி செத்துப்போயிரும்னு சொன்னது?’ என்று கேட்டார். பூச்சிக்கொல்லி அடித்தால் என்கார்சியா என்ற குளவி இன ஒட்டுண்ணியும் சேர்ந்து அழிந்துவிடும், ஆகவே மஞ்சள் ஒட்டுப்பொறியில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள், தண்ணீரை ஓலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சியடியுங்கள், கரும்பூஞ்சாணம் படிந்த ஓலைக்கு மைதாக் கரைசல் தெளியுங்கள் என்ற பரிந்துரைகள் வேளாண் அலுவலர்களின் வாயிலாகவும் துண்டறிக்கைகளிலும் வாட்ஸ்அப்பிலும் தோப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் தோப்பில் மருந்து அடிக்காமல் விட்ட ஒவ்வொரு மரமும் அந்த ஆய்வின் விளைவு. துண்டறிக்கையில் அடிக்குறிப்பு இருக்காது. இருந்தாலும் எந்தத் தளமும் அதை எண்ணாது. அவருடைய கேள்விக்கு அன்று எங்களால் ஒரு கட்டுரையைக் கைகாட்ட முடிந்தது. ஆனால் மேற்கோள் எண்ணின்படி வரிசைப்படுத்தியபோது அது மேலே இல்லை. கீழே உருட்டிக்கொண்டு போய்த்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மேலே நின்றவை, பூச்சி முதலில் எங்கே தென்பட்டது என்று சொன்னவை. பின்னால் எழுதிய எல்லோரும் முதல் பத்தியில் சேர்த்துக்கொள்ள வசதியானவை.

எண்ணுக்கு மதிப்பு ஏறியதும் அதை விற்பதற்கும் ஆள் வந்துவிட்டது. ஆசிரியர்களின் கைபேசிக்கு வரும் செய்திகளில், ஸ்கோப்பஸ் இதழில் ஏற்புக்கு உத்தரவாதம் என்றும், இரண்டாவது ஆசிரியர் இடத்துக்கு இவ்வளவு, மூன்றாவதுக்கு இவ்வளவு என்றும், கட்டுரையோடு சேர்த்துச் சைட்டேஷனும் ஏற்றித் தரப்படும் என்றும் விலைப்பட்டியலே இருக்கிறது. அப்படி ஓர் இடைத்தரகரிடம் ஒரு செமஸ்டர் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, இதழ் அடைவிலிருந்து நீக்கப்பட்ட பிறகு என்னிடம் வந்து நின்ற இளம் ஆசிரியரின் முகம் நினைவிருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகளவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 நவம்பரில் நீக்கியது. ஏற்கத்தக்க இதழ்களைத் தானே தொகுத்து வந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. கேர் போனதும், இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்தந்த நிறுவனத்திடம் வந்துவிட்டது. அந்தப் பொறுப்பை யாரும் விரும்பவில்லை என்பதால், ‘ஸ்கோப்பஸில் இருக்கிறதா?’ என்ற ஒற்றைக் கேள்வி முன்னைவிட வலுவாகிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு, எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாத காலத்தில் பதவி உயர்வு எப்படி நடந்தது என்பதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிபாரிசுக் கடிதத்தைவிட ஹெச்-இண்டெக்ஸ் மேல். எந்தப் பின்புலமும் இல்லாமல் வேலந்தாவளத்திலிருந்து படித்து வந்த பெண் ஒருவரால், என் கட்டுரையை பிரேசில்காரர்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று தேர்வுக் குழுவின் முன் தாளை நீட்ட முடிகிறது என்றால், அது இந்தத் தளங்களால்தான்.

ஆகவே எங்கள் நூலகத்தில் மேற்கோள் அறிக்கை கேட்டு வருபவர்களுக்கு இப்போது கொடுப்பது இதுதான். ஸ்காலர் எண்ணும் ஸ்கோப்பஸ் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில், எடுத்த தேதியோடு. தம்மைத் தாமே மேற்கோள் காட்டியதைக் கழித்த எண் தனியாக. அதே துறையில் அதே ஆண்டு வந்த கட்டுரைகளோடு ஒப்பு. இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் படிவம் கேட்டால் மட்டும். இவற்றோடு, அவரை எடுத்தாண்ட கட்டுரைகளில் மூன்றையாவது திறந்து, எந்த வரியில், எதற்காக அவரைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இணைக்கச் சொல்கிறோம். முறைப்பகுதியில் அவருடைய வழியைப் பின்பற்றியிருக்கிறார்களா, முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்திருக்கிறார்களா, மறுத்திருக்கிறார்களா என்பது அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும். சிலர் முணுமுணுக்கிறார்கள், படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையே என்கிறார்கள். வேளாண்மை, மருத்துவம் போன்ற துறையினர் விரும்பினால் துண்டறிக்கை, பயிற்சி முகாம், அரசுப் பரிந்துரை ஆகியவற்றின் நகலையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிக்கைக்குக் கட்டணம் இல்லை; ஆர்கிட் எண்ணைக் கொண்டு வந்தால் ஒரே நாளில் கிடைக்கும், இல்லாவிட்டால் பெயரைத் தேடிப் பிரிக்க ஒரு வாரம் ஆகும்.